பாதியில் மூடிய நாவலுக்கு மதிப்புரை எழுதலாமா?

2025 செப்டம்பர் 6

ஒரு வாசகி கேட்கிறார்: “புதிதாக வந்த ஃபேன்டசி நாவல் ஒன்றை 140-ஆம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். யார் யாரோடு சண்டை, எதற்குச் சண்டை, ஒன்றும் பிடிபடவில்லை. அதைச் சொன்னால் ‘முழுக்கப் படிக்காதவர் வாயைத் திறக்கக் கூடாது’ என்று பாய்கிறார்கள். எழுதலாமா, கூடாதா?”

தாராளமாக எழுதலாம். எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், படிக்காத பகுதியைப் பற்றி ஊகித்து எழுதாதீர்கள், மற்றபடி உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. 140 பக்கம் ஒன்றும் கொஞ்சநஞ்சம் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ தொடரில் முதல் புத்தகம் (1968) மொத்தமே இருநூறு பக்கத்தைச் சுற்றித்தான் வரும். அதற்குள் ஒரு பையன் ஆடு மேய்த்து, மந்திரம் கற்று, கர்வத்தில் ஒரு பெரிய தப்பைச் செய்து, அதற்குப் பயந்து ஓடி, பிறகு திரும்பி அதையே கடல் கடலாகத் துரத்தி, கதையே முடிந்துவிடுகிறது. இன்றைய நாவல்களில் 140-ஆம் பக்கத்தில்தான் குதிரைக்குச் சேணம் கட்டுகிறார்கள்.

செப்டம்பர் 7

வரும் என்று தெரியும், வந்துவிட்டது: “மலாசான் தொடரைப் பாதியில் விட்டவர்களுக்குத்தான் நஷ்டம். முதல் பாகம் யாருக்குமே புரியாது. இரண்டாம் பாகத்தில் எல்லாம் திறந்துகொள்ளும்.”

ஸ்டீவன் எரிக்சனின் அந்தத் தொடர் எனக்கும் பிடிக்கும். 1999 முதல் 2011 வரை பத்துத் தடித்த பாகங்கள். எரிக்சன் தொல்லியலும் மானிடவியலும் படித்தவர், அந்த உலகத்தை நண்பர் இயன் எஸ்லமாண்டோடு சேர்ந்து முதலில் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு ஒன்றுக்காக உருவாக்கியவர், ஆகவே நாம் உள்ளே நுழையும்போது அங்கே பல்லாயிரம் ஆண்டுச் சரித்திரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, நின்று விளக்க யாருக்கும் நேரமில்லை. முதல் பாகத்தில் பாதிக்கு மேல் எனக்கும் விளங்கவில்லைதான். ஆனால் “பின்னால் விளங்கும்” என்று யாரோ சொன்னதற்காக நான் தொடர்ந்து படிக்கவில்லை. சாலை போடும் கூலியாட்கள் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு, நட்டநடுத் தெருவைத் தோண்டி வெடி புதைத்தபடியே ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்ளும் அந்தச் சலித்துப்போன சிப்பாய்கள் எனக்குப் போதுமாக இருந்தார்கள். பேரரசி என்ன திட்டம் போடுகிறாள், எந்தக் கடவுள் யார் பக்கம் என்பதெல்லாம் மெதுவாக வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சிப்பாய்களோடு ஒட்ட முடியாத ஒருவரை இரண்டாம் பாகத்துக்குப் போகச் சொல்வது அநியாயம். அதுவும் இன்னொரு தலையணை.

செப்டம்பர் 9

“பிடிபடவில்லை” என்று கேள்வி கேட்டவர் சொன்னதை அப்படியே விட்டுவிட மனமில்லை. எழுத்தாளர் வேண்டுமென்றே தரும் குழப்பம் ஒன்று உண்டு, கைவராமல் வந்து சேரும் குழப்பம் ஒன்று உண்டு. மதிப்புரை எழுதுகிறவர் எது எது என்று பிரித்துச் சொல்ல முயல வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏனென்றால் நல்ல ஃபேன்டசி நாவல் எதுவாக இருந்தாலும், தன்னை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை ஆரம்பப் பக்கங்களிலேயே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. சூசன்னா கிளார்க்கின் ‘பிரனேஸி’ (2020) ஒரு உதாரணம். முடிவே இல்லாத கூடங்கள், சுவரெல்லாம் சிலைகள், கீழ்த்தளங்களில் கடல், அலை எப்போது ஏறும் எப்போது வடியும் என்று கணக்கு வைத்திருக்கும் ஒரு மனிதன். அவன் நாட்குறிப்பில் ஆண்டுக்கு எண் கிடையாது, தென்மேற்குக் கூடங்களுக்கு அல்பட்ராஸ் பறவை வந்த ஆண்டு என்றுதான் எழுதுகிறான். அந்த ஒரு தேதியைப் படித்ததுமே இவன் எதைப் பெரிதாக நினைக்கிறவன் என்று தெரிகிறது, எதையோ மறந்துவிட்டவன் என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. விளக்கம் என்று ஒரு பத்தி கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் நாம் அவனைவிட ஒரு படி முன்னால் போய்விடுகிறோம், அவனுக்காகக் கவலைப்படவும் ஆரம்பித்துவிடுகிறோம்.

என். கே. ஜெமிசினின் ‘த ஃபிஃப்த் சீசன்’ (2015) இதற்கு நேர் எதிரான முரட்டு வழி. அதில் ஒரு சரடு முழுக்க “நீ போகிறாய், நீ பார்க்கிறாய்” என்றே நடக்கிறது. முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது, இதென்ன வித்தை காட்டல் என்று. ஆனால் யார் சொல்கிறார்கள், யாரிடம் சொல்கிறார்கள், ஏன் இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் கதைக்குள்ளேயே காரணம் இருக்கிறது. அந்தத் தொடரின் மூன்று பாகங்களுக்கும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து, அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டசிக்கும் தரப்படும் ஹ்யூகோ விருது கிடைத்தது, அதற்கு முன் நாவல் பிரிவில் யாரும் அப்படி வாங்கியதில்லை.

காதரின் அடிசனின் ‘த காப்ளின் எம்பரர்’ (2014) பற்றித்தான் எனக்கே இன்னும் இரண்டு மனம். எங்கோ ஒதுக்கி வளர்க்கப்பட்ட பையன் திடீரென்று பேரரசன் ஆகிறான், அரசவையில் பெயர்களும் பட்டங்களும் மழையாகக் கொட்டுகின்றன, அவனுக்கும் தலை சுற்றுகிறது, நமக்கும் சுற்றுகிறது. திட்டம் அழகானதுதான். அவன் தேறிய பிறகும் எனக்குச் சுற்றல் நிற்கவில்லை, அதுதான் சிக்கல்.

கைவராத குழப்பத்துக்குப் பெயர் சொல்லி உதாரணம் தர மாட்டேன், அவற்றில் பாதி முதல் நாவல்கள். வகை மட்டும் சொல்கிறேன். வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, கட்டட வரைபடத்தை விரித்து, எந்தச் சுவர் எந்த வருஷம் எழுப்பியது என்று சொல்லிக்கொண்டிருக்கும் வகை. ஏழு ராஜ்ஜியம், மூன்று யுகம், பழைய போர், அதற்கும் பழைய போர். இத்தனையும் சொல்லி முடித்த பிறகு கதாநாயகி தூங்கி எழுகிறாள்.

செப்டம்பர் 10

“பின்னால் அருஞ்சொற்பொருள் கொடுத்திருக்கிறார்களே, பார்க்கவில்லையா?”

பார்த்தேன். மின்நூலில் கடைசிப் பக்கம் வரை போய்த் திரும்புவதற்குள் இங்கே ஒரு ராஜா செத்து அடுத்தவன் முடிசூடிவிடுகிறான்.

செப்டம்பர் 14

முழுக்கப் படித்தவர்தான் பேசலாம் என்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. டோல்கீனின் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வந்த சூட்டில், அன்றைய அமெரிக்காவின் பெரிய விமர்சகர்களில் ஒருவரான எட்மண்ட் வில்சன் 1956-இல் ‘த நேஷன்’ பத்திரிகையில் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். பிள்ளைகளுக்கான குப்பை, அதைப் பெரியவர்கள் ஆயுள் முழுக்க ருசிக்கிறார்கள் என்பதுதான் சாரம். மேலோட்டமாகப் புரட்டிவிட்டு எழுதியவர் இல்லை அவர். தன் ஏழு வயது மகளுக்கு முழுவதையும் உரக்கப் படித்துக்காட்டியதாக அதே கட்டுரையில் சொல்கிறார். அப்படிப் படித்தும் கதையின் முக்கிய மந்திரவாதியான காண்டால்ஃப் பெயரையே எழுத்துப்பிழையோடு எழுதினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கம், அதுவும் வாய்விட்டு!

மறுபக்கம் கவிஞர் ஆடன். 1954-இல் முதல் பாகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டும் அச்சில் வருவதற்கு முன்பே, நியூயார்க் டைம்ஸில் பாராட்டி எழுதினார். அவரை நடுநிலையாளர் என்று சொல்ல முடியாது, மாணவராக டோல்கீனின் வகுப்பில் உட்கார்ந்து மயங்கியவர். இருந்தும் அந்த மூன்றில் ஒரு பங்கை வைத்து அவர் கண்டுகொண்டது இன்றைக்கும் நிற்கிறது. வில்சன் முழுவதையும் படித்துவிட்டுச் சொன்னதை இன்று நாம் சிரிப்பதற்குத்தான் எடுக்கிறோம்.

அப்புறம், அதை மூன்று பாகமாக டோல்கீன் எழுதவில்லை. ஒரே நாவல். செலவையும் நஷ்டத்தையும் கணக்குப் போட்டுப் பதிப்பகம்தான் 1954, 55 என்று மூன்றாக வெளியிட்டது. அன்றிலிருந்து மூன்று பாகம் எழுதுவது ஏதோ இந்த வகையின் இலக்கண விதி மாதிரி ஆகிவிட்டது.

செப்டம்பர் 20

“தொடர் முடியும்வரை முதல் பாகத்தை எடைபோடக் கூடாது” என்று ஒருவர். நல்ல கொள்கை, ஆனால் ஆயுள் போதாது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தொடரின் முதல் பாகம் 1996, ஐந்தாவது 2011, ஆறாவதை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். பேட்ரிக் ராத்ஃபஸ் தொடரின் இரண்டாம் பாகமும் 2011-தான், மூன்றாவது வரவில்லை. ராபர்ட் ஜோர்டன் 1990-இல் ‘வீல் ஆஃப் டைம்’ தொடங்கி, முடிக்காமலேயே 2007-இல் காலமானார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மக்டூகல், அப்போது இளம் எழுத்தாளராக இருந்த பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்து, ஜோர்டனின் குறிப்புகளைக் கொடுத்து எழுதச் சொன்னார். கடைசிப் பாகம் 2013-இல் வந்தது. 1990-இல் முதல் பாகத்தை வாங்கிய வாசகர் 23 வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா?

நான் செய்வது இதுதான். முதல் பாகம் தன்னளவில் ஒரு கேள்வியையாவது எழுப்பி அதற்குப் பதிலும் சொல்லிவிட்டதா என்று பார்ப்பேன். பெரிய போர் நான்காம் பாகத்தில் நடக்கட்டும், எனக்கு அவசரமில்லை. ஆனால் கையில் இருக்கும் இந்த 500 பக்கத்துக்குள் ஏதாவது ஒன்று முடிந்திருக்க வேண்டும்: ஒரு நட்போ, ஒரு பொய்யோ, ஒரு பயணமோ. எல்லாவற்றையும் “தொடரும்” என்று தொங்கவிட்டால் அது நாவலே இல்லை, முன்பணம்.

மார்ட்டினைத் திட்டும் கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள். அடுத்ததை எப்போது தருவார் என்பது அவர் பாடு. வந்திருக்கும் ஐந்தைப் பற்றிப் பேசவே நிறைய இருக்கிறது.

செப்டம்பர் 21

இந்தக் கதைகளில் குதிரைகள் களைப்பதே இல்லையா என்று நேற்று கேட்டவருக்கு (எங்கிருந்து எங்கே வந்துவிட்டோம்): ஆமாம், ஃபேன்டசிக் குதிரைகள் தண்ணீர் குடிப்பதில்லை, லாடம் கழல்வதில்லை, பகல் முழுக்க நாலுகால் பாய்ச்சலில் ஓடிவிட்டு இரவில் சத்தமில்லாமல் நிற்கின்றன. ஃபேன்டசி எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸ் 1996-இலேயே இதையெல்லாம் ஒரு கேலி அகராதியாகப் போட்டுவிட்டார், சுற்றுலாப் பயணிக்கான கையேடு மாதிரி. குதிரைகள் அங்கே மகரந்தச் சேர்க்கையில்தான் இனப்பெருக்கம் செய்கின்றன போலிருக்கிறது என்று அதில் ஒரு இடம் வரும். எல்லாரும் எந்நேரமும் ஒரே குழம்பைத்தான் சாப்பிடுகிறார்கள் என்பதும் அவர் கண்டுபிடிப்பு. மதிப்புரை எழுத வருகிறவர்கள் அதை ஒருமுறை புரட்டினால் “அசல் கற்பனை” என்ற சொல்லைச் செலவழிக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அக்டோபர் 2

இரண்டு வாரமாக மனதில் உருண்டுகொண்டிருந்தது. மதிப்புரைகளில் எல்லாரும் ‘உலக உருவாக்கம் அபாரம்’ என்று எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். அதைப் படிக்கிறவருக்கு என்ன தெரிகிறது? வரைபடம் இருக்கிறது, நாணயத்துக்குப் பெயர் இருக்கிறது, இரண்டு நிலா இருக்கிறது. அவ்வளவுதான்.

லெ குவின் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில், அப்போது வந்திருந்த ஒரு ஃபேன்டசி நாவலிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, இடப்பெயர், ஆள்பெயர் போன்ற ஒருசிலவற்றை மட்டும் மாற்றிக் காட்டுகிறார். உடனே அது வாஷிங்டன் அரசியல்வாதிகள் பேசிக்கொள்ளும் சாதாரண நாவலாக மாறிவிடுகிறது. வேறெதையும் தொடவில்லை. அப்படியானால் அந்த மாய உலகம் பக்கத்தில் எங்கே இருந்தது என்பதுதான் அவர் கேள்வி. வேறொரு உலகம் என்றால் அது வாக்கியத்தில் கேட்க வேண்டும், மனிதர்கள் பேசும் விதத்தில் இருக்க வேண்டும், பெயர்ப்பலகையில் இருந்தால் போதாது என்கிறார்.

இதை நான் இப்போது வீட்டுப்பாடமாகவே செய்கிறேன். புது நாவலில் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து, பெயர்களை விரலால் மறைத்துக்கொண்டு படிப்பேன். இளவரசியும் தளபதியும் அலுவலகத்தில் இரண்டு மேலாளர்கள் மாதிரி பேசிக்கொண்டால், அதைக் குறித்துக்கொள்வேன். உடனே தூக்கிப்போட மாட்டேன், சில கதைகளுக்கு அந்த நடை சரியாகவே பொருந்துகிறது. நகைச்சுவையாக எழுதுகிறவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்வதும் உண்டு. ஆனால் கம்பீரமான பழங்கதை என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே இப்படி இருந்தால், மதிப்புரையில் அந்தப் பகுதியை ஒரு பத்தி எடுத்துப் போட்டுவிடுவேன். நான் பத்து வரி குறை சொல்வதைவிட அந்த ஒரு மேற்கோள் வேலையை முடித்துவிடும், வாசகர் தானே பார்த்துக்கொள்வார். பாராட்டுவதற்கும் அதே வழிதான். “மொழி அழகு” என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை, அந்த அழகிலிருந்து இரண்டு வரியைக் காட்டுங்கள்.

அக்டோபர் 5

“மந்திர விதிமுறைகள் தெளிவாக இல்லாத நாவல் எனக்கு ஆகாது. சாண்டர்சன் சொன்னது வேதவாக்கு.”

சாண்டர்சன் 2007-இல் எழுதிய விதி என்னவென்றால், மந்திரத்தை வைத்து ஒரு சிக்கலைத் தீர்க்க எழுத்தாளருக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பது, அந்த மந்திரம் வாசகருக்கு எவ்வளவு விளங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதில் மந்திரம் எப்போதும் விளங்க வேண்டும் என்று எங்கே இருக்கிறது? சிக்கலைத் தீர்க்கப் பயன்படுத்தினால் மட்டும்தான் அந்தக் கணக்கு. அதே கட்டுரையில் டோல்கீன் பாணி மந்திரத்துக்கும் அவர் இடம் விட்டிருக்கிறார்.

கிளார்க்கின் முதல் நாவலில் (2004) வட இங்கிலாந்தில் யார்க் நகரத்து மந்திரவாதிகள் கூடி மந்திரத்தின் வரலாறு பற்றிக் கட்டுரை வாசிப்பார்கள், ஒருவருக்கும் ஒரு மந்திரமும் செய்யத் தெரியாது. புதிதாக வந்த ஒருவர், இங்கிலாந்தில் இப்போது ஏன் யாரும் மந்திரம் செய்வதில்லை என்று அப்பாவியாகக் கேட்டுவிடுகிறார். கொஞ்சம் கழித்து அந்த நகரத்துப் பேராலயத்தின் கற்சிலைகள் பேச ஆரம்பிக்கின்றன. விதி ஒன்றும் தெரியாது, ஆனால் முதுகு சில்லிடுகிறது. அடிக்குறிப்புகள் நிறைந்த அந்த 800 பக்கத்தை “விதிமுறை தெளிவில்லை, இரண்டு நட்சத்திரம்” என்று ஒருவர் முடித்திருந்ததைப் பார்த்தேன். அவருக்கு வேண்டியது அங்கே கிடையாது என்பது சரி. அதற்கு நாவல் என்ன செய்யும்?

அக்டோபர் 11

நட்சத்திரம் என்றதும் எல்லாரும் கிளம்பிவிட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன், இந்தப் பேச்சு எனக்கு அலுப்பு.

2023 டிசம்பரில் ஒரு புது எழுத்தாளர், தன்னைப் போலவே முதல் நூல் வெளியிடவிருந்த மற்றப் புதியவர்களின் நூல்களுக்கு, வாசகர்கள் மதிப்பிடும் தளத்தில் கள்ளக் கணக்குகளிலிருந்து ஒற்றை நட்சத்திரம் போட்டும், தன் நூலுக்கு மட்டும் அள்ளிக்கொடுத்தும் பிடிபட்டார். பதிப்பகம் அவருடைய நாவலையே கைவிட்டது. பெரும்பாலும் இன்னும் வெளிவராத நூல்களுக்குத்தான் இத்தனை நட்சத்திரமும் விழுந்தன. அதன் பிறகும் சராசரி 3.8-ஆ 4.1-ஆ என்று பார்த்துப் புத்தகம் வாங்குகிறவர்களை என்ன சொல்ல.

விருதுகளும் கேள்விக்கு அப்பாற்பட்டவை இல்லை. 2023-இல் சீனாவின் செங்டுவில் நடந்த ஹ்யூகோவில் ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ (2022) இறுதிப் பட்டியலிலேயே இல்லை. 2024 ஜனவரியில் வாக்கு விவரம் வெளியானபோதுதான், தேவையான பரிந்துரைகள் கிடைத்தும் “தகுதியற்றது” என்று காரணம் சொல்லாமல் ஒதுக்கியிருந்தது தெரிந்தது. அதே நாவல் இன்னொரு பெரிய விருதான நெபுலாவை வாங்கியிருந்தது. ‘பேபல்’ எனக்கு முழுத் திருப்தி தந்த நாவல் இல்லை. மொழிபெயர்ப்பில் தப்பிப்போகும் அர்த்தத்தை வெள்ளிக் கட்டியில் பிடித்து அதையே ஆற்றலாக்கும் யோசனை பிரமாதம், ஆனால் தன் கருத்தை நமக்குப் புரியவில்லையோ என்ற பயத்தில் குவாங் அடிக்கடி குறுக்கே வந்து விளக்குகிறார். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருப்பது போல, அந்த நாவலுக்குப் போட்டியில் நிற்க உரிமை இருந்தது.

அக்டோபர் 18

இலவச முன்பிரதி (நூல் வெளியாகும் முன்பே மதிப்புரைக்காகப் பதிப்பகம் அனுப்புவது) வாங்குகிறவர்கள் நேர்மையாக எழுத முடியுமா என்ற கேள்விக்கு: முடியும், கொஞ்சம் சங்கடப்பட்டுக்கொண்டு. எனக்கு ஒரு பதிப்பகத்திலிருந்து பிரதி வந்துகொண்டிருந்தது. ஒரு நாவலைப் பற்றி “நடுவில் நூறு பக்கம் வெட்டியிருக்கலாம்” என்று எழுதினேன், அந்த ஒரு வரியை மட்டும் மென்மையாக்க முடியுமா என்று மிகப் பணிவாக ஒரு மின்னஞ்சல் வந்தது. மாற்றவில்லை. அதன் பிறகு பிரதிகள் வருவது நின்றுவிட்டது, யாரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அழுத்தம் இப்படித்தான் இருக்கும், மிரட்டலாக வராது. முகம் தெரிந்த எழுத்தாளராக இருந்தால் இன்னும் கஷ்டம், அவர் நாய்க்குட்டிப் படம் போட்டிருப்பதைப் பார்த்த கையோடு அவருடைய மூன்றாம் அத்தியாயத்தைக் குறை சொல்ல வேண்டும். அதனால் நூல் வெளியாகும் மாதத்தில் எழுத்தாளர் பக்கங்களை எட்டிப்பார்ப்பதில்லை.

இன்னொன்று. முன்பிரதி இறுதி வடிவம் அல்ல, அதிலிருந்து மேற்கோள் எடுத்தால் அச்சான நூலோடு ஒப்பிட்டுவிடுங்கள். பாதி எழுத்துப்பிழைகள் அதற்குள் திருத்தியிருப்பார்கள்.

அக்டோபர் 26

எத்தனை நாள் பொதுவாகவே பேசுவது. அண்மையில் வந்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்.

வஜ்ர சந்திரசேகரவின் ‘த செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ (2023). எழுத்தாளர் இலங்கைக்காரர், இதற்கு நெபுலா கிடைத்தது. குழந்தை பிறந்ததுமே தாய் அதன் நிழலை ஆணியடித்து அறுத்துவிடுகிறாள், தந்தையைக் கொல்வதற்காகவே அவனை வளர்க்கிறாள். தந்தை ஒரு பெரிய மகான். பையன் வளர்ந்து நகரத்துக்கு ஓடிப்போய், அவனைப் போலவே விதியால் தேர்ந்தெடுக்கப்பட்டுக் கடைசியில் ஒன்றும் ஆகாமல் போனவர்கள் கூடி மனம்விட்டுப் பேசும் குழுவில் உட்காருகிறான். சத்தமாகச் சிரித்தேன். புத்தர் கதையும் அவர் மகன் ராகுலன் கதையும் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு அந்த மகான் தந்தை வேறு மாதிரிக் குத்துவார். அந்தப் பின்னணி தெரியாத மதிப்புரைகள் பல “விசித்திரமான, கனவு போன்ற” என்று நழுவிவிடுகின்றன. மதிப்புரை எழுதுகிறவர் கையோடு என்ன கொண்டுவருகிறார் என்பதும் முக்கியம்தான். குறை என்றால், பின்பகுதியில் ஒரு திருப்பம் சொல்முறையையே புரட்டிப்போடுகிறது, அதற்கு முன் நமக்குப் பழகியிருந்த நெருக்கம் கொஞ்சம் விட்டுப்போகிறது. மறுபடி படித்தால் என் எண்ணம் மாறலாம்.

ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் ‘த டெயின்டட் கப்’ (2024), 2025-இல் ஹ்யூகோ வாங்கியது. ஒரு ஆளின் உடம்புக்குள்ளிருந்து மரம் முளைத்துக் கொன்றிருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு வாழும் ஒரு கிறுக்குப் பெண் துப்பறிவாளர், பார்த்ததை எல்லாம் மறக்காமல் ஒப்பிக்கும் உதவியாளன். கரைக்கு வெளியே ஆண்டுதோறும் மாபெரும் கடல் மிருகங்கள் மோத வரும், அதைத் தடுக்கும் மதில்தான் பேரரசின் மூச்சு. விளக்கம் ஏராளம், ஆனால் விசாரணை என்பதால் எல்லாமே கேள்வி பதிலாக வந்துவிடுகிறது, சுமை தெரிவதில்லை. கெட்டிக்காரத்தனம்.

செப்டம்பர் 6-இல் சொன்னதற்கு இங்கே ஒரு விலக்கு சேர்க்கிறேன். துப்பறியும் கதை உள்ளே இருக்கும் ஃபேன்டசியைப் பாதியில் விட்டால் நடை, பாத்திரங்கள் பற்றி மட்டும் எழுதுங்கள். தடயங்கள் நியாயமாக வைக்கப்பட்டனவா என்பது கடைசியில்தான் தெரியும்.

தாஷா சூரியின் ‘த ஜாஸ்மின் த்ரோன்’ (2021), வேர்ல்ட் ஃபேன்டசி விருது வாங்கியது. ப்ரியா, மாலினி என்று பெயர்கள் வருவதால் நமக்கு நாக்குச் சுளுக்காது, அதுவே ஒரு நிம்மதி. சிறைவைக்கப்பட்ட இளவரசியும் பணிப்பெண்ணும் ஒருவரையொருவர் எடைபோடும் காட்சிகள் அருமை. பார்வை மாறிமாறிப் போகும் அத்தியாயங்களில் சில எனக்கு வேகத்தைக் குறைத்தன.

நவம்பர் 3

“உங்களுக்கு ரொமான்டசி (காதல் கலந்த ஃபேன்டசி) என்றால் இளக்காரம், அதனால்தான் ஒரு வரி கூட இல்லை.”

இல்லையே. ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ (2023) படித்திருக்கிறேன். 2025 ஜனவரியில் வந்த மூன்றாம் பாகம் முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிக்கு மேல் போனது, அத்தனை பேரும் ஏமாந்தவர்கள் என்று சொல்ல நான் யார். இங்கே முதலில் பேசிய விஷயத்தை வைத்தே பார்க்கலாம். டிராகன் ஓட்டும் படைக் கல்லூரியில் சேர வருகிறவர்கள் ஒரு குறுகலான கல் பாலத்தைக் கடக்க வேண்டும், விழுந்தால் சாவு. கதாநாயகிக்கு எளிதில் மூட்டு நழுவும் உடம்பு. அந்த ஒரு காட்சியில் உலகம், விதி, ஆபத்து, யார் நண்பன், யார் எதிரி எல்லாம் வந்துவிடுகின்றன, அகராதியும் வேண்டாம் முன்னுரையும் வேண்டாம். நான் மதிப்போடு குறிப்பிட்ட சில பெரிய நாவல்கள் செய்யத் திணறியதை இது சுலபமாகச் செய்கிறது. அப்புறம் அந்தப் பையனின் தோள் அகலத்தை அவள் எத்தனை தடவை வியக்கிறாள் என்பதைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு. பெயர்களை மறைத்துப் படிக்கும் சோதனையிலும் அது தேறாது. இரண்டையும் ஒரே மதிப்புரையில் எழுதலாம், ஒன்றை எழுதினால் மற்றது பொய்யாகிவிடாது.

நவம்பர் 8

எர்த்ஸீயை எந்த வரிசையில் படிப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வெளிவந்த வரிசையில். 1968-இல் தொடங்கி எழுபதுகளின் ஆரம்பத்துக்குள் மூன்று நூல்கள், பிறகு 1990-இல் ‘டெஹானு’. அதை மட்டும் முதலில் எடுக்காதீர்கள். முதல் நூலின் நாயகனான அந்த மந்திரவாதி அதில் சக்தி எல்லாம் போய் வெறும் மனிதனாக வருகிறார், கதை ஒரு நடுவயதுப் பெண்ணும் தீக்காயம்பட்ட ஒரு சிறுமியும் வாழும் வீட்டுக்குள் நடக்கிறது. தன் உலகத்தில் பெண்கள் எங்கே போனார்கள் என்று எழுத்தாளரே பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து கேட்டுக்கொண்ட நூல் அது. பழையதைப் படிக்காமல் அதைப் படித்தால் அவர் எதோடு மல்லுக்கட்டுகிறார் என்பதே தெரியாது.

நவம்பர் 9

“ஆடியோவில் கேட்டேன், அதைப் படித்த கணக்கில் சேர்த்து மதிப்புரை எழுதலாமா?”

எழுதலாம். வாசித்தவர் குரல் எப்படி என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், சில நாவல்களை அந்தக் குரல்தான் தூக்கி நிறுத்துகிறது. பெயர்களை மட்டும் அச்சுப் பிரதியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், வில்சன் கட்சியில் புதிதாக ஆள் சேர வேண்டாம்.